விருந்தாளியின் குதிரை

அப்பா அன்றைக்கு ஒரே பேச்சில் முடித்துவிட்டார். மகன் நாம்சராய், அதாவது நான், மந்தையைப் பார்க்கட்டும், மகள் பூரெவ்மா படிக்கட்டும் என்றார். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு இதேதான். பையன் குதிரையேறுவான், பெண் பள்ளி விடுதிக்குப் போவாள். கணக்கில் நான்தான் கெட்டிக்காரன். யார் கேட்டார்கள்?

என் தங்கை தலைநகர் உலான்பாத்தரில் படித்தாள், பெர்லினில் படித்தாள், மூன்று நாடுகளில் தூதராக இருந்தாள், தேர்தலில் ஜெயித்து வெளியுறவு அமைச்சரும் ஆகிவிட்டாள். பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வருகிற வெளிநாட்டு அமைச்சருக்குக் குதிரை பரிசளிப்பது எங்கள் வழக்கம். போன கோடையில் ஒருவர் வந்தார், தங்கை என் மந்தையிலிருந்து ஒன்றைக் கொடுத்தாள். என் சாம்பல் குதிரைக்குத் தன் மனைவியின் பெயரை வைத்தார், அது ஆண் குதிரை. கழுத்தைத் தடவிப் படம் எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். குதிரை இங்கேயேதான் இருக்கும். யார் பராமரிப்பது? நான்தான்.

இந்தக் குளிரில் மேய்ச்சல் முழுக்கப் பனிக்கட்டி மூடிவிட்டது. மற்ற குதிரைகள் செத்து இரண்டுதான் மிஞ்சின. இருந்த உலர்புல் ஒன்றுக்குத்தான் காணும். விருந்தாளியின் சாம்பலா, பதினோரு வருஷம் என்னைச் சுமந்த செவலையா? மலைமேல் ஏறித் தங்கைக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, வசந்தத்துல அவர் திரும்ப வர்றார். தன் குதிரையைப் பார்த்துட்டுத்தான் ஒப்பந்தத்துல கையெழுத்துன்னு சொல்லியிருக்கார். போட்டார்னா நம்ம ஆட்டு ரோமத்துக்கு அங்க வரியே கிடையாது. எத்தனை குடும்பம் பிழைக்கும், யோசி."

"என் செவலைடி."

சாம்பலுக்குப் புல் வைத்தேன். பன்னிரண்டாம் நாள் செவலை படுத்தது, எழவில்லை.

மே மாதம் மூன்று கார்கள் வந்தன. இறங்கியவர் வேறு ஆள். பழையவர் தேர்தலில் தோற்றுவிட்டாராம். புதியவருக்குக் குதிரை விஷயமே தெரியாதாம். தங்கை என்னை ஓரமாக அழைத்துப்போய், இவருக்கும் ஒரு குதிரை தரவேண்டும் என்றாள்.

"சாம்பல் ஒண்ணுதான் மிச்சம். ஒருத்தருக்குக் கொடுத்ததை இன்னொருத்தருக்குக் கொடுக்கிறது அசிங்கம்னு படிச்சவளுக்குத் தெரியாதா?"

அவள் காலித் தொழுவத்தைப் பார்த்தாள். "தெரியும்ணா. அதையே குடு."

நீலப் பட்டுத்துணி கட்டிக் கொடுத்தேன். அவர் அதற்குத் தன் நாயின் பெயரை வைத்தார், படம் எடுத்துக்கொண்டார், தங்கையிடம் ஏதோ சொன்னார். அவள் என் முகத்தைப் பார்க்காமல் மொழிபெயர்த்தாள்.

"அடுத்த வருஷம் வந்து தன் குதிரையைப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறாராம்."