முகப்பில் மட்டும் தெரியட்டும்

மாமனாரைக் காணவில்லை. காலையில் பேப்பர் வாங்கப் போனவர் பத்து மணியாகியும் திரும்பவில்லை. ஞாபகம் அவ்வப்போது கைவிட்டுவிடும் மனிதர். வீட்டு விலாசம் கேட்டால், நாற்பது வருஷத்துக்கு முன் இருந்த வீட்டைச் சொல்வார்.

"நான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் தேடுறேன். நீங்க உங்க பிளாக்ல போடுங்க, ஊரே அதைத்தானே பாக்குது!" வாசலிலிருந்தே கத்திவிட்டு மனைவி ஓடினாள்.

அதில் பொய்யில்லை. எந்தத் தெருவில் மின்தடை, எந்த பஸ் ரத்து என்று ஊர்ச் செய்தி போடும் வலைப்பூ அவனுடையது. ஊரில் அவனுக்குப் பெயரே பிளாக்காரர்தான். கர்வத்துக்கும் குறைவில்லை. வலைப்பூவின் தோற்றத்தை அமைக்கும் தன் தீமின் அழகு ஒரு துளி கெட்டாலும் பொறுக்க மாட்டான். மாமனாரின் படமும் தன் போன் நம்பருமாக அறிவிப்பைத் தயார் செய்தபோதாவது அந்தப் பாழாய்ப்போன கர்வம் அடங்கியதா? செய்திகளுக்கு நடுவே தெரிந்தால் அசிங்கம், முகப்புப் பக்கத்தில் மட்டும் தெரியட்டும் என்று தீமின் நிரலில் ஒரு நிபந்தனை வரி எழுதினான். திறந்திருக்கும் பக்கத்தின் முகவரியும் வலைப்பூவின் முகவரியும் ஒன்றாக இருந்தால் காட்டு, இல்லையென்றால் காட்டாதே. கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தான். உச்சியிலேயே மாமனார் சிரித்துக்கொண்டிருந்தார்.

போனை மேஜை மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தான். அதைத் தொடவே பயம். தான் நோண்டும் நேரம் பார்த்து யாராவது கூப்பிட்டு, லைன் கிடைக்காமல் விட்டுவிட்டால்?

பதினொன்று ஆயிற்று. பார்த்தவர்கள் எண்ணிக்கை அறுநூறைத் தாண்டியது. ஒரு போன்கூட வரவில்லை. "இத்தனை பேர் பாக்குறீங்களே, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று திரையைப் பார்த்துத் திட்டினான். பன்னிரண்டு. தொள்ளாயிரம் பேர். லாரி கீரி ஏதாவது... நினைப்பை முடிக்கவே அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

வியர்த்து விறுவிறுத்து மனைவி உள்ளே வந்தாள்.

"என்னங்க, எங்க போட்டிருக்கீங்க? காணோமே!"

"முதல் பக்கத்துலயே இருக்கே."

"எங்க இருக்கு? நீங்களே பாருங்க!"

அவள் போனை வாங்கிப் பார்த்தான். முதல் பக்கம்தான். மாமனார் இல்லை. மேலே முகவரியைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. போனில் திறந்தால் முகவரியின் கடைசியில் ஒரு சின்ன ஒட்டு தானாகச் சேரும். ஒட்டுச் சேர்ந்தால் இரண்டு முகவரியும் ஒன்றில்லை. ஒன்றில்லையென்றால் இது முகப்பும் இல்லை. இது எந்த வகைப் பக்கம் என்று தீமிடம் நேராகக் கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருக்கும். இந்த மேதாவி முகவரியை ஒப்பிட்டான். இந்த ஊரில் கம்ப்யூட்டரில் யார் பிளாக் படிக்கிறார்கள்?

நிபந்தனையை அப்படியே பிடுங்கி எறிந்தான். எல்லாப் பக்கத்திலும் தெரியட்டும், அழகு நாசமாய்ப் போகட்டும்.

ஐந்தாவது நிமிஷம் போன் அடித்தது. சலவைக் கடை வைத்திருக்கும் பெண்.

"இந்தப் பெரியவரு காலையிலேருந்து எங்க கடை பெஞ்சுலதாங்க உக்காந்திருந்தாரு. யாராவது தேடுறாங்களான்னு உங்க பக்கத்தைத் தொறந்து தொறந்து பாத்தேன். ஒண்ணுமே இல்லை. அவருகிட்டயும் சொன்னேன். இப்பதான் எந்திரிச்சுப் போறாரு, பாலத்துப் பக்கமா."

ஸ்கூட்டரில் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, அவர் பாலத்தின் நடுவில், வண்டிகள் உரசிப் போகும் ஓரத்தில் நடந்துகொண்டிருந்தார். மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவர் அவள் தோளுக்கு மேலாக மருமகனைப் பார்த்தார்.

"என்னை யாரும் தேடலையாமே, மாப்பிள்ளை? அந்தப் பொண்ணு பாத்துட்டுச் சொல்லிச்சு."

"தேடினோம் மாமா" என்றான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடுச்சாலையிலேயே அழுதான். "நான்தான் யாருக்கும் தெரியாம வெச்சுட்டேன்."