திருட்டுக் கம்பெனியின் முதலாளி

வாஷிங் மெஷின் சர்வீஸ் சென்டர் மேனேஜருக்குத் தன் மனைவியைப் பார்த்தாலே வயிற்றெரிச்சல். வேறு யாராவது என்றால் நாலு பேரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். கட்டிய பெண்டாட்டி மேல், அதுவும் செல்போன் விளையாட்டுக்காக என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த விளையாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்ததே அவர்தான். ஒரு திருட்டுக் கம்பெனியை நடத்த வேண்டும். பிக்பாக்கெட், பூட்டு உடைப்பவன், தெருமுனையில் நின்று விசிலடிப்பவன் என்று ஆள் எடுத்து, சம்பளமும் லீவும் கொடுத்து, அவர்கள் முகம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலாளி போலீசில் மாட்டினால், யாராவது தானாக முன்வந்து அவருக்குப் பதிலாக உள்ளே போகலாம். யாரும் வராவிட்டால் கம்பெனிக்கு மூடுவிழா.

ஆட்களைக் கட்டி மேய்ப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது மேனேஜரின் நினைப்பு. சர்வீஸ் சென்டரில் அவர் நுழைந்ததும் சிரிப்புச் சத்தம் சட்டென்று நின்றுவிடும். அதை மரியாதை என்றே இத்தனை வருஷமாக எடுத்துக்கொண்டிருந்தார். விளையாட்டிலும் அதே கெடுபிடிதான். கொள்ளைக்குத் தாமதமாக வந்தவனுக்குச் சம்பளத்தில் வெட்டு. முகமூடியைத் துவைக்காமல் வந்த கிழட்டுத் திருடனுக்கு எல்லார் முன்னாலும் கண்டிப்பு.

பல் டாக்டரிடம் வரவேற்பாளராக இருக்கும் மனைவி, பொழுது போகாமல் தானும் ஒரு கம்பெனி தொடங்கினாள். தும்மிக்கொண்டிருந்த பிக்பாக்கெட்டை ஓய்வெடுக்கச் சொன்னாள். பூட்டு உடைப்பவன் வீடு மாறிப்போய் இன்ஸ்பெக்டர் வீட்டுப் பூட்டை உடைத்தபோது, தப்பி வந்ததே பெரிசு என்று தட்டிக்கொடுத்தாள். அவளுடைய திருடர்கள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சுவர் ஏறினார்கள். விளையாட்டின் தரவரிசைப் பட்டியலில் அவள்தான் முதலிடம். மேனேஜர் எத்தனை முட்டி மோதினாலும் அவளுக்கு அடுத்த இடம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருக்குப் பொறுக்க முடியவில்லை. விளையாட்டில் ‘போட்டுக்கொடு’ என்று ஒரு பட்டன் உண்டு. யார் அழுத்தியது என்று யாருக்கும் தெரியாது. சோபாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே அவளைப் போட்டுக்கொடுத்தார். போலீஸ் ஜீப் வந்து நின்றதுதான் தாமதம், அவள் ஆட்கள் மொத்தப் பேரும் நான் நீ என்று முண்டியடித்து ஜீப்பில் ஏறிவிட்டார்கள். உட்கார இடமில்லாமல் போலீஸ்காரர் நடந்தே போனார். மனைவி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கூடவே கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

மேனேஜருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தனக்கென்றால் இப்படி வருவார்களா? அது தெரியாமல் இனி அவருக்குச் சோறு இறங்காது. படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உலகத்தில் எந்தத் திருடனும் செய்யாத காரியத்தைச் செய்தார். தன்னைத் தானே போட்டுக்கொடுத்தார்.

ஜீப் வந்தது. விலங்கு மாட்டினார்கள். விசிலடிப்பவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கிழட்டுத் திருடன் மட்டும் விறுவிறுவென்று வெளியே வந்தான். மேனேஜருக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. வந்தவன் முதலாளியின் சுழல் நாற்காலியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு தன் வழியே போனான்.

கம்பெனி கைவிட்டுப் போகப்போகும் நேரத்தில், அவருக்குப் பதிலாக ஒருவர் சரணடைந்துவிட்டதாகத் திரையில் செய்தி வந்தது. கட்டிலிலிருந்து துள்ளி எழுந்து யாரென்று பார்த்தார். அவர் ஆட்களில் யாருமில்லை. மனைவிதான். முதலாளியே உள்ளே போய்விட்டதால் பட்டியலில் அவள் பெயர் இல்லை. முதலிடத்தில் மேனேஜர் பெயர் மின்னிக்கொண்டிருந்தது.

அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். போன் பக்கத்தில் கிடந்தது.

“நீ எதுக்கு உள்ள போனே? முதலிடம் போச்சே” என்றார்.

“போனா போகட்டும். எவனோ பொறாமை பிடிச்சவன் நம்ம ரெண்டு பேரையும் போட்டுக்கொடுத்திருக்கான்” என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “உங்களுக்குன்னு ஒருத்தன்கூட வரலைங்க. பார்த்துட்டு சும்மா இருக்க முடியல. பாவமா இருந்துச்சு” என்றாள்.

மேனேஜர் கையிலிருந்த போனைப் பார்த்தார். சிறை வாசலில், அதற்குள் ஜாமீனில் வெளியே வந்துவிட்ட அவளுடைய ஆட்கள் போர்வையும் கையுமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இருப்பவளைப் பார்க்க அவருக்கு முன்னைவிடப் பொறாமையாக இருந்தது.