கோமதியம்மாள் வீட்டு அடிகுழாய்

கோவில்பட்டிக்குக் கிழக்கே, மேடென்றும் பள்ளமென்றும் பிரித்தறிய இயலாது விரிந்து கிடக்கும் கரிசல் வெளியிலே, தை பிறந்து சில நாள்களே ஆன ஓர் இளங்காலையில், பருத்திக் காய்கள் வெடித்து வெண்மை காட்டவும், கொத்துமல்லி பூத்து மணம் பரப்பவும், கம்பங்கதிரை நாடி வந்த குருவிக் கூட்டத்தைத் தகரம் தட்டி விரட்டுவோரின் ஓசை எங்கும் ஒலிக்கவும், நிலம் முழுதும் நிறைந்த மனத்தோடு இருந்தது. ஆயினும் நற்றமிழ் விரும்பும் அன்பரே, இத்தனை வழங்கும் அம்மண் நீரை மட்டும் ஆழத்தில் ஒளித்து வைத்திருந்தது. கயிறு இழுத்து இழுத்து அவ்வூர்ப் பெண்டிரின் உள்ளங்கைகள் காய்த்துப் போயிருந்தமையால், அங்கே பெண் கொடுக்கப் பலரும் தயங்கினர்.

தன் ஒரே மகன் முத்துசெல்வத்துக்குப் பெண் தேடி அலைந்து சலித்த கோமதியம்மாள், புதியம்புத்தூரில் தையல் வேலை பார்க்கும் சுதாராணியைக் கண்ட நாள் முதல், வந்தால் அவளே மருமகளாக வரவேண்டும் என்று உறுதி கொண்டிருந்தாள். பெண்ணின் தாய் மீனாட்சியம்மாளோ, தானும் தைத்தே மகளை வளர்த்தவளாதலின், கயிறு பிடித்துக் காய்த்த கை துணியைத் தொட்டால் நூல் இழுக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். கோமதியம்மாள் சோர்ந்து விடவில்லை. கோவில்பட்டிப் பட்டறைக்காரர் வேல்சாமி, நெகிழிக் குழாயையும் இரும்புத் தண்டையும் கொண்டு, வெள்ளாடு ஒன்றை விற்ற பணத்துக்குள் அடங்குமாறு செய்து தரும் அடிகுழாயை வாங்கித் தன் வீட்டுக் கிணற்றில் பொருத்தி, வீட்டை வந்து பார்க்குமாறு பெண் வீட்டாரை அழைத்தாள்.

அங்கேதான் பெருமை அவளை ஏமாற்றியது. ஒரு கை அடித்துப் பார்க்கிறோம் என்று வந்த பெண்டிரையும் பிள்ளைகளையும் அவள் மறுக்கவே இல்லை. ஊரே அடித்து மகிழ்ந்தது. உள்ளே நீரை உந்தும் ரப்பர் வில்லை ஓசையின்றித் தேய்ந்தது.

அந்தத் தைக் காலையில் மீனாட்சியம்மாள் வந்து சேர்ந்தாள். கால் கழுவ நீர் தரும் சாக்கில் அவளை நேரே கிணற்றடிக்கு அழைத்துச் சென்ற கோமதியம்மாள், பட்டுச்சேலை சரசரக்கப் பிடியை அழுத்த, குழாய் இழுப்பு நோய்க்காரரைப் போல மூச்சு விட்டதேயன்றி ஒரு துளியும் சிந்தவில்லை. நிலைமையைக் காக்க எண்ணிய பக்கத்து வீட்டுக்காரி கயிறும் வாளியுமாக ஓடிவந்தாள். அந்தக் கயிற்றைக் கண்டதும் கோமதியம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. இன்று கயிறு கிணற்றில் இறங்கினால் சுதாராணி இவ்வீட்டுப் படி ஏறமாட்டாள்.

கயிற்றை வாங்கித் தூர எறிந்தாள். பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வேல்சாமி கற்றுக் கொடுத்தவாறு உள்தண்டை உருவி, தேய்ந்த வில்லையைக் கழற்றி, மகன் தேடிக் கொணர்ந்த பழைய மிதிவண்டி ட்யூபைச் சேற்றில் அமர்ந்து வெட்டத் தொடங்கினாள். முதல் வில்லை கோணிற்று, அடுத்ததும் கோணிற்று. பார்த்து நின்ற மீனாட்சியம்மாள், தன் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அவளருகே வந்து சேற்றிலேயே உட்கார்ந்தாள்.

"அந்த ரப்பரை இங்கன தாங்க மதினி. நீங்க வெட்டுதது வட்டமா முறுக்கான்னே தெரியல."

மதினி என்று கேட்ட கோமதியம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சம்பந்தம் முடிந்தாலன்றி அச்சொல் பெண் வீட்டார் வாயில் வாராது. ஆயிரம் சட்டைகளுக்குக் கழுத்து வளைத்த கை ஒரே சுற்றில் வில்லையை வெட்டிக் கொடுக்க, இருவருமாகத் தண்டை இறக்கிப் பிடியை அழுத்தினர். பொங்கி வந்த நீர் இருவரையும் நனைக்க, கூடி நின்ற பிள்ளைகள் கூச்சலிட்டுக் குதித்தனர்.

முகத்தைத் துடைத்துக்கொண்ட மீனாட்சியம்மாள் மெல்லச் சொன்னாள்:

"வேண்டாம்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். எங்க தெருக் குழாய் கெட்டு ஒரு வருசமாச்சு, ஆளு வருவாருன்னு இன்னும் காத்துக் கெடக்கோம். இங்கன கெட்டதையும் பாத்துட்டேன், நம்ம கையாலயே சரியானதையும் பாத்துட்டேன். பரிசமா பவுனு வேண்டாம் மதினி. எங்க கெணத்துக்கும் இப்பிடி ஒண்ணு வாங்கித் தாங்க."

பழுதே காணாத பொருளும் இல்லை, பழுதே காணாத குடியும் இல்லை. பழுது வந்த வேளையில் பட்டுச்சேலை என்றும் பாராது இரு தாயர் சேற்றில் அமர்ந்த அவ்வீட்டில், வைகாசித் திங்களில் பந்தற்கால் நட்டார்கள்.