அழித்த சாரன் கரை

பெருநாளுக்குத் தன் வீட்டுத் தறியில் ஏறப்போகும், ஆண்கள் உடுக்கும் சாரனின் கரை எப்படியிருக்கும் என்று மருதமுனையில் ஜெமீலாவுக்கு மட்டும்தான் தெரியும். அதைக் கம்ப்யூட்டரில் வரைந்தவள் அவள். கத்தாரிலிருந்து கூடப்பிறந்த காக்கா புதியதை அனுப்பிவிட்டதால் பழையதை விற்க வேண்டியிருந்தது. கேட்டு வந்தவரோ பக்கத்துத் தெருத் தறிக்காரர் அச்சிமுகம்மது. டிசைன்களை அழித்துவிட்டுத் தருகிறேன் என்றாள். "எதுக்கு மகள் கரைச்சல், அப்படியே தாங்க" என்று அவர் சிரித்த சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

எல்லாவற்றையும் அழித்தாள். ஆனாலும் மனம் ஆறாமல், பெட்டியைக் கல்முனையில் காலிதீனின் கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுவந்தாள். அவன் அச்சிமுகம்மதின் மருமகன் என்பது, சுவரிலிருந்த கல்யாணப் படத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"அழிச்சா பேர்தான் போகும் ராத்தா. சாமான் அங்கினயே கிடக்கும். பாருங்க."

முதலெழுத்து மட்டும் இல்லாமல் ஒரு ஃபைலின் பெயர் வந்து நின்றது. வாய்க்கு வந்த எழுத்தொன்றைக் கொடுத்தான். அவளுடைய கரை நூலுக்கு நூல் எழுந்து வந்தது. ஜெமீலா கடை வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப என்ன செய்யிற?"

"வெறும் இடம் முழுக்கப் பூச்சியத்தால நிரப்பி, பிறகு அதையும் அழிக்கிற. பழையது அதுக்குள்ள மூடுபட்டுப் போகும்."

ஓடவிட்டான். புதிய ஃபைல் ஒன்று வீங்கிக்கொண்டே போக, மிச்ச இடம் குறைந்துகொண்டே வந்தது. அழித்தால் இடம் கூடத்தானே வேண்டும்?

"எதைத் தம்பி கொப்பி அடிக்கிறீங்க? மாமாவுக்கா?"

"மாமாவுக்குக் குடுக்க என்னட்டப் பூச்சியம் மட்டுந்தான் இரிக்கி ராத்தா."

பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும் நேரம் வேலை முடிந்தது. அழிந்த வேறொரு பெயரை எழுப்பிக் காட்டினான், உள்ளே ஒன்றுமில்லை. வாசலில் வேன் வந்து நின்றது. பெட்டியை எடுத்துப்போக வந்த அச்சிமுகம்மது உள்ளே வந்து அதில் கைவைத்தார்.

ஜெமீலாவுக்குத் திடீரென்று உறைத்தது. வெறும் இடத்தைத்தானே நிரப்பினான்? முதலில் எழுப்பிக் காட்டிய கரை மறுபடி ஃபைலாகிவிட்டதே, அது வெறும் இடமில்லையே!

"பொறுங்க! முதல்ல காட்டின கரை எங்க? அதத் திறங்க!"

காலிதீன் திறந்தான். ஒரு நூல்கூடக் குறையாமல் திரை நிறைய நின்றது கரை.

"வல்லாஹி, சத்தியமா மறந்துட்டன் ராத்தா."

"மறந்தீங்களா, வெச்சீங்களா?"

அவள் அவன் முகத்தையே துருவிக்கொண்டிருந்தாள். பின்னால் அச்சிமுகம்மது கண்ணாடியைச் சரிசெய்து, குனிந்து, திரையை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார்.

"நல்ல கரை மகள்," என்றார். "பச்சைக்குப் பக்கத்துல ஒரு நூல் மஞ்சள் ஓடினா இன்னும் எடுப்பா இரிக்கும்."