யார் வீடு என்று சொல்லாதவள்

கையில் ஃபாரத்தோடு, கையெழுத்துக் கேட்டு வரும் பிள்ளைகளை வெர்லின் நம்புவதில்லை. அமெரிக்காவில், கென்டக்கி மலையோரத்தில் அந்த ஊர் சர்ச்சின் பின்னறையில் இல்லாதவர்களுக்கு உணவுப்பொருள் கொடுக்கிறார்கள், பொறுப்பு அவர்தான். வசந்தம் வந்தால் போதும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஏழைகள்மேல் பாசம் பொங்கிவிடும். பள்ளியில் சிறந்த மாணவர்களுக்கென்று இருக்கும் கௌரவச் சங்கத்தில் சேர மார்க் மட்டும் போதாது. நாற்பது மணி நேரம் ஊருக்கு உழைத்திருக்க வேண்டும், நடத்தையும் சுத்தமாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் வெர்லின் கையெழுத்து வேண்டும்.

டாம்சின் என்ற மாணவி நீட்டிய ஃபாரத்தில் நாற்பது மணி நேரம் என்றிருந்தது.

"நான் பார்த்தது முப்பத்தி நாலு. மிச்சம் ஆறை எந்தக் கடையில வாங்கின?"

"ஒரு வீட்டுக்குச் சாப்பாட்டுப் பெட்டி கொண்டுபோய்க் குடுத்தேன் சார். அவங்களால இங்க வர முடியாது."

"யார் வீடு?"

"சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்."

"ரொம்ப வசதியான சத்தியம்!"

இனாம் வாங்குவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பட்டினி கிடக்கிறவர்கள் அந்த மலையில் உண்டு. அது தெரிந்தே கதை கட்டுகிறாளோ?

"அப்ப முப்பத்தி நாலுன்னே போடுங்க."

"சேர்க்க மாட்டானுங்க. நாளைக்குத்தானே கடைசி நாள்? இன்னைக்கு மூணு, நாளைக்கு மூணு. என் கண்ணு முன்னால செய், போடுறேன்."

"இன்னைக்கு முடியாது சார். இப்ப அங்கதான் போகணும். போன வாரம் எனக்குப் பரீட்சை, அவங்களுக்குப் பெட்டி போகல."

"சங்கம் வேண்டாமா?"

"வேணும். சங்கத்துல சேர்க்கிற விழாவுக்கு வர அம்மா லீவே போட்டாச்சு." அவள் ஃபாரத்தையே பார்த்தாள். ஆனாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

பொய்க்காரியாக இருந்தால் அந்த ஆறு மணி நேரத்தைப் பாய்ந்து பிடித்திருப்பாள். வெர்லின் பெட்டியில் இரண்டு டப்பா பீச் பழம் வைத்தார்.

"மெல்லுறதுக்குப் பல் இருக்கா அவங்களுக்கு?"

"அப்படிக் கேட்டுக் கண்டுபிடிக்கப் பார்க்காதீங்க சார்."

அவர் உறுமினார். பேனாவைத் தேடி எடுத்து, நாற்பதுக்கு நேராகவும் நடத்தைக்கு நேராகவும் கையெழுத்துப் போட்டார்.

"பொய்னு தெரிஞ்சுது, ஸ்கூலுக்கே வந்து என் பேரை அடிச்சிட்டுப் போவேன்."

"தாராளமா வாங்க."

அவள் கார் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க ஜன்னல் வரை போனார். போய், திரையை இழுத்து மூடிவிட்டார்.