பூபுஷ் சாகாத கதை

1

இந்தக் கதை என் வெட்கத்திலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் என்னை இன்னும் மோசமாக நினைப்பீர்கள்.

மருத்துவம் படிக்க கிர்கிஸ்தானுக்கு வந்தேன். மூன்றாம் ஆண்டில் படிப்பை விட்டேன், இங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டேன், பத்தொன்பது வருடமாகிவிட்டது. மேய்ச்சல்காரர்களின் கூடாரங்களுக்குச் சூரிய மின்பலகை பொருத்துவது தொழில். போன இலையுதிர்காலத்தில் குடல்வால் அறுவைக்காக எங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் மூன்றாம் வார்டில் கிடந்தேன். (ஊர்ப் பெயரை எழுதமாட்டேன். நாளைக்கும் அங்கேதான் போயாக வேண்டும்.) அங்கே ஒரு நண்பகலில், கண்ணை இறுக மூடிக்கொண்டு தூங்குவதுபோல் நடித்தேன். காரணத்தை அதன் இடத்தில் சொல்கிறேன்.

2

முதல் வரியை ஐந்து முறை எழுதினேன்.

‘பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஊரே...’ கொட்டவில்லை. நல்ல வெயில்.

‘சைராகானும் பூபுஷும் பத்து வருடமாகப் பேசிக்கொள்ளாதவர்கள்...’ இது நாடகத்துக்காக நான் இட்டுக்கட்டியது. பகை ஒன்றும் கிடையாது. சந்தையில் பக்கத்துப் பக்கத்து இரும்புப் பெட்டிக் கடை. சைராகானுக்கு உலர்பழ வியாபாரம், பூபுஷுக்குக் கம்பளிக் காலுறை. ஒருத்தி ஒதுங்கப் போனால் மற்றவள் இரண்டு கடையையும் பார்த்துக்கொள்வாள். உறவு அவ்வளவுதான்.

சரி, நடந்ததையே எழுதுகிறேன். அன்று உருளைக்கிழங்கு லாரி ஒன்று பின்பக்கமாக வந்து பூபுஷைக் கடைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. அவள் எழுந்து நின்றாள், ஒன்றுமில்லை என்றாள், பாவாடையைத் தட்டிவிட்டாள். பிறகு மெல்ல உட்கார்ந்தாள். உதடு வெளுத்துப்போயிற்று.

சைராகான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். வண்டி இருக்கிறது, டீசல்தான் இல்லை, ஊற்றிக் கொடுத்தால் வருகிறோம் என்றார்கள். அவள் போனை வைத்துவிட்டு, எதிர்க்கடையில் விற்பனைக்குத் தொங்கிய கம்பளத்தைக் கேட்காமலே உருவினாள். அதில் பூபுஷைக் கிடத்தி, நாலு பேராகத் தூக்கி வாடகைக் காரில் ஏற்றினார்கள்.

3

மருத்துவர் மெலிஸை மூன்று கையெழுத்துப் படிகளில் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறேன்.

முதற்படியில் அவன் பல் குத்திக்கொண்டே, “முதல்ல மருந்து வாங்கிட்டு வாங்க” என்கிறான். வில்லன் கிடைத்தால் எழுதுகிறவனுக்குப் பாதி வேலை மிச்சம். ஆனால் மெலிஸ் ஓடி வந்தான். வயிற்றை அழுத்திப் பார்த்த மாத்திரத்தில் அவன் முகம் மாறியது. மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கொட்டுகிறது, ஒரு மணி நேரத்துக்குள் திறந்தாக வேண்டும் என்றான். பிறகு காகிதத்தை எடுத்தான். சலைன் ஆறு, குழாய் இரண்டு, கையுறை நான்கு ஜோடி, தையல் நூல், பஞ்சுத்துணி, ஆன்டிபயாட்டிக் என்று எழுதி நீட்டினான்.

(இந்தப் பட்டியல் இங்கே யாருக்கும் புதிதல்ல. சிகிச்சை இலவசம் என்று சுவரில் எழுதியிருக்கும். அதற்கு வேண்டிய சாமான் நம்முடையது.)

சைராகானின் இடுப்புப் பையிலிருந்த காலை வியாபாரப் பணம் பாதிப் பட்டியலுக்குக்கூட வராது. அப்படியும் ஓடினாள். எதிரே இருந்த மருந்துக்கடையில் பூட்டு தொங்கியது. முதலாளி கல்யாண விருந்துக்குப் போயிருந்தார். அடுத்த கடைக்கு மலைக்கணவாய் தாண்ட வேண்டும். திரும்பி வந்தபோது மெலிஸ் அறுவை அறை வாசலில் நின்றிருந்தான்.

“கத்தி இருக்குக்கா, கை இருக்கு. வேற எதுவும் இல்ல.”

இரண்டாம் படியில் இந்த இடத்தில் அவனை அழ வைத்தேன். அவன் அழவில்லை. மணி பார்த்தான். அதுதான் பார்க்கத் தாங்கவில்லை என்று சைராகான் பிற்பாடு சொன்னாள்.

4

இனி நடப்பதை நம்பமாட்டீர்கள். நானே நம்பியிருக்கமாட்டேன், கட்டிலில் படுத்திருந்திராவிட்டால்.

வார்டிலிருந்து ஒரு கிழவர் கழிப்பறைக்குக் கிளம்பினார். ஒரு கையில் ஊசி, மறு கையில் தலைக்குமேல் தூக்கிப் பிடித்த சலைன் பாட்டில். சைராகான் அவரை மறித்து, இது ஆஸ்பத்திரி கொடுத்ததா என்று கேட்டாள். எங்கே கொடுத்தான், மகன் வாங்கி வந்தது, கட்டிலடியில் இன்னும் இரண்டு இருக்கிறது என்றார் அவர்.

அவள் நடைவழியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். எட்டு வார்டு. நாற்பத்துச் சொச்சம் கட்டில். ஒவ்வொரு கட்டிலடியிலும் ஒரு பை. ஆஸ்பத்திரியின் அலமாரிதான் காலி, ஆஸ்பத்திரி காலியில்லை.

நடுவில் நின்று, சந்தையில் கூவுகிற அதே குரலில் கூவினாள்.

“சலைன் ஆறு வேணும்! கையுறை நாலு ஜோடி! தையல் நூல்! காலுறைக் கடை பூபுஷ் உள்ள செத்துக்கிட்டிருக்கா. இருக்கிறவங்க குடுங்க, நாளைக்கு நான் திருப்பித் தர்றேன்!”

கட்டில்கள் கிறீச்சிட்டன. கிழவர் தன் இரண்டையும் காலால் தள்ளிக்கொண்டே வந்தார். காலில் மாவுக்கட்டுப் போட்ட ஓட்டுநர் ஒருவர் நூலை அனுப்பினார். பிரசவ வார்டிலிருந்து ஒரு மடிப்பு பஞ்சுத்துணி வந்தது. யாரோ கையுறையை வாசல் வழியே வீசினார்கள். சைராகான் தலைக்குட்டையை அவிழ்த்துப் பைபோல் பிடித்து வாங்கிக்கொண்டாள்.

நான் தூங்கினேன். என் தலையணைக்கு அடியில் ஆன்டிபயாட்டிக் குப்பி ஆறு. அவை கிடைக்க என் மனைவி மூன்று ஊர் அலைந்தது வார்டுக்கே தெரியும். என் காயத்தில் அப்போதுதான் சீழ் வைக்கத் தொடங்கியிருந்தது. ‘மருந்து முடிந்தால் எனக்கு யார்...’

இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை. அப்படியே விட்டுவிடுகிறேன்.

கட்டிலருகே சைராகானின் காலடி நின்றது.

“இந்தியாக்காரத் தம்பி, தூங்குறவன் இவ்வளவு இறுக்கியா கண்ணை மூடுவான்? ஆறும் வேணாம். மூணு குடு.”

கொடுத்தேன். தானாகக் கொடுத்ததாக ஒரு படி எழுதிப் பார்த்தேன். மிக அழகாக வந்தது. கிழித்துவிட்டேன்.

5

பதினொரு நிமிடத்தில் பட்டியல் முடிந்தது. தூக்கி வந்த நால்வரில் இருவருடைய ரத்தம் பொருந்தியது. இரண்டரை மணி நேரம் கழித்து மெலிஸ் வெளியே வந்தபோது, நடக்க முடிந்த நோயாளிகள் எல்லாரும் நடைவழியில்தான் நின்றிருந்தோம்.

“பொழைச்சுட்டாங்க.”

கிழவருக்கு ஒரு கையில் ஊசி. கைதட்ட முடியாமல் மறு கையால் தொடையில் தட்டினார். பிறகு எல்லாருமே தட்டினோம். எனக்குத் தையல் வலித்தது, நிறுத்தவில்லை.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். சைராகான் விடவில்லை. மறுநாள் சொன்னபடி வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்தாள், என் மூன்று குப்பி உட்பட. சந்தையே கைகொடுத்திருந்தது. பிறகு ஏழு கடைக்காரிகளோடு, பிளாஸ்கில் தேநீரும் துணியில் ரொட்டியுமாகத் தலைமை மருத்துவர் அறையில் போய் உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை. அவசரத்துக்கு வருகிறவருக்கு முதலில் வைத்தியம், சாமான் ஆஸ்பத்திரியுடையது. இதை எழுதிக் கொடுத்தால் எழுந்துவிடுகிறோம் என்றார்கள். அவருக்கும் ஒரு கோப்பை ஊற்றினார்கள்.

இரண்டாம் நாள் மாலை அவர் உண்மையைச் சொன்னார். அவசர மருந்துக்கென்று மாகாணக் கிடங்கில் ஒதுக்கீடு இருக்கிறது. கேட்டுப் பெற ஒரு படிவம் உண்டு. ஒன்று குறைந்தாலும் கையெழுத்துப் போட்டவர் தலைதான் உருளும் என்று இரண்டு வருடமாக யாரும் போடவில்லை.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மெலிஸ் பேனாவை எடுத்தான். “நான் போடறேன்” என்றான். சற்றுப் பொறுத்துத் தலைமை மருத்துவரும் கீழே போட்டார். நான்காம் நாள் மருந்து லாரி வந்தது. இன்றுவரை மாதாமாதம் வருகிறது. அலமாரி அறுவை அறை வாசலிலேயே நிற்கிறது. இதுவரை பதினேழு பேருக்கு அது திறந்திருக்கிறது.

6

இந்தக் கதையைப் படித்த நண்பர், இவ்வளவு வெற்றி இலக்கியத்துக்கு ஆகாது, பூபுஷ் இறந்துவிட்டால்தான் கனம் கூடும் என்றார். எனக்கும் சபலம் தட்டியது. ‘மூன்றாம் நாள் விடியலில் பூபுஷின் மூச்சு...’ வரை எழுதிவிட்டு, மனம் கேட்காமல் சைராகானைப் போனில் கூப்பிட்டு, கதைக்காக மட்டும் பூபுஷைக் கொல்ல அனுமதி கேட்டேன். அவள் விஷயத்தைச் சொல்லிப் பக்கத்துக் கடையில் போனைக் கொடுத்தாள்.

“என்னைக் கொன்னுட்டீங்களாமே தம்பி” என்றாள் பூபுஷ். “சரி, அடக்கத்துக்குக் குதிரை வெட்டினீங்களா, இல்ல ஆட்டோட முடிச்சுட்டீங்களா?”

(இங்கே அடக்க விருந்துக்குக் குதிரை வெட்டினால்தான் மரியாதை.) ஆடு என்றுதான் எழுத நினைத்திருந்தேன். அதைச் சொல்வதற்குள் யாரோ காலுறை விலை கேட்டார்கள். அவள் பேரம் பேசப் போய்விட்டாள். போன் திறந்தபடியே கிடந்தது. நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். கொல்வதானால் மட்டும், அவளிடம் நீங்களே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.