நூற்றிருபது பேரில் எத்தனை பேர்

கணக்கில் இரண்டு முறை தோற்றவள் கணிதத் துறைக்கு ஆலோசனை சொல்ல வருகிறாள். அவளைப் பற்றி அந்தக் கல்லூரியில் நன்றாகத் தெரிந்தவள் பெரியவள் ஒருத்திதான். வருகிறவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. மாமியார் வாயில் இருவருக்கும் பெயரே கிடையாது. மூத்த மருமகள் பெரியவள், இளையவள் சின்னவள், அவ்வளவுதான். நாளடைவில் அவர்களே ஒருவரை ஒருவர் அப்படித்தான் மனதுக்குள் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

பெரியவள் பல்கலைக்கழகத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவள். பதக்கம் வாங்கியவள் பத்தொன்பது வருடமாகப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தாள். நுழைவுத் தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள் நேராக முதலாண்டுக் கணிதத்துக்குப் போக முடியாது. தயாரிப்பு வகுப்பு ஒன்று, தயாரிப்பு வகுப்பு இரண்டு என்று இரண்டு படி ஏறித்தான் போகவேண்டும். அந்த இரண்டு படியையும் கட்டியவள் அவள். பாடத்திட்டம் அவளுடையது, பயிற்சிப் புத்தகம் அவளுடையது, அதன் விடைப் பக்கத்தில் இருந்த மூன்று பிழைகள்கூட அவளுடையவைதான்.

சின்னவள் கல்லூரியில் இரண்டு முறை விழுந்து, மூன்றாம் முறை தட்டுத்தடுமாறிக் கரையேறி, பிறகு எப்படியோ புள்ளியியல் படித்து, இப்போது கல்லூரி கல்லூரியாகப் போய்க் கணிதப் படிப்பைத் திருத்தியமைத்துத் தரும் ஒரு நிறுவனத்தில் இருந்தாள். தோற்றதை மறைக்கவும் மாட்டாள். மேடையேறினால் அதைத்தான் முதலில் சொல்வாள். கேட்பவர்கள் உருகிப்போவார்கள். தோற்றதற்குக் கைதட்டு வாங்குகிறவளை என்ன செய்வது? பெரியவள் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. அதற்காக யாரும் கைதட்டியதாக அவளுக்கு நினைவில்லை.

சின்னவளின் யோசனை சுருக்கமானது. தயாரிப்பு வகுப்புகளை எடுத்துவிடுங்கள். எல்லாரையும் நேரே முதலாண்டுக் கணிதத்தில் உட்காரவையுங்கள். தடுமாறுகிறவர்களுக்கு வாரம் இரண்டு மணி நேரம் துணை வகுப்பு வையுங்கள். போன வருடம் நூற்றிருபது பேரை வைத்து முன்னோட்டம் பார்த்தார்கள். இரண்டு இளம் ஆசிரியைகள் நடத்தினார்கள், பெரியவளின் வகுப்புக்கு அடுத்த அறையில். பிள்ளைகள் மேசைகளை ஒன்றாகத் தள்ளிப்போட்டுச் சண்டை பிடிப்பதுபோலக் கணக்குப் போடும் சத்தம் சுவரைத் தாண்டி வரும். தன் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும் என்பதில் அவளுக்கு எப்போதும் ஒரு பெருமை இருந்தது. அந்த வருடம் அந்த அமைதியை அவளாலேயே தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை துறையில் வாக்கெடுப்பு. தயாரிப்பு வகுப்புகள் இருக்குமா, போகுமா என்பது அன்று முடிவாகும். போனால் அவளுடைய பத்தொன்பது வருடமும் சேர்ந்து போகும்.

சின்னவள் கல்லூரிக்கு வரும் நாளெல்லாம் பெரியவளுக்கு வயிறு எரியும். முதல்வர் வாசல்வரை வந்து அழைத்துப்போவார். பெரியவளை அவர் வாசலில் பார்த்தால் வருகைப் பதிவேட்டைத்தான் விசாரிப்பார். எல்லார் முன்னாலும் சின்னவள் "மேடம்" என்பாள், படிக்கட்டில் தனியாகப் பார்த்தால் "அக்கா" என்பாள். இரண்டும் அவளுக்கு வழுக்கிக்கொண்டு வரும். பெரியவளுக்குத்தான் தடுமாற்றம். வீட்டில் வா, போ என்று பேசுகிறவளை இங்கே நீங்கள் என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. "இந்தத் தாள எங்க வைக்கணும்?" என்று சுவரைப் பார்த்துப் பேசிச் சமாளித்தாள்.

புதன்கிழமை மத்தியானம் சின்னவள் முன்னோட்டத்தின் கணக்கை அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு செய்தி: "அக்கா, கூட்டத்துக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ பார்த்துடுங்க. உங்க கண்ணுல இருந்து எதுவும் தப்பாது."

இது மரியாதையா, ஐஸ் வைப்பதா என்று சிறிது நேரம் யோசித்துவிட்டு அவள் கோப்பைத் திறந்தாள். கால் மணி நேரத்தில் பிடித்துவிட்டாள். தேர்ச்சி எழுபத்தைந்து சதவீதம் என்று தடித்த எழுத்தில் இருந்தது. தேறியவர்கள் எழுபத்தெட்டு பேர். ஆனால் சின்னவள் வகுத்தது நூற்றுநான்கால், அதாவது பரீட்சை எழுதியவர்களால். சேர்ந்தவர்கள் நூற்றிருபது பேர். நடுவில் காணாமல்போன பதினாறு பேரை அவள் அப்படியே விட்டுவிட்டாள். சரியாகப் போட்டால் அறுபத்தைந்துதான்.

பெரியவளுக்கு உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி பரவியது. நல்ல வெயிலில் நடந்துவந்து தண்ணீர் குடித்ததுபோல இருந்தது. தனக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தாள். அது எப்படிப்பட்ட சந்தோஷம் என்று பார்க்க மட்டும் விரும்பவில்லை. "பார்த்துட்டேன்" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டாள். அது பொய்யில்லை. மிச்சத்தைக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும் சொல்லிக்கொள்ளலாம்.

அடியை முழுதாகக் கொடுக்கவேண்டும் என்று வியாழக்கிழமை பழைய பதிவேடுகளை எடுத்துவைத்துக்கொண்டாள். தயாரிப்பு வகுப்பு ஒன்றில் தேர்ச்சி எழுபது சதவீதம், இரண்டில் எழுபது, அங்கிருந்து போகிறவர்களில் முதலாண்டுக் கணிதத்தில் எழுபது. வருடா வருடம் அறிக்கையில் அவளே எழுதிக்கொடுத்த எண்கள். அறுபத்தைந்துக்கு எதிரே இந்த எழுபதை வைத்தால் போதும். ஒழுங்குக்காக, மூன்று வருடத்துக்கு முன் சேர்ந்த நூற்றிருபது பேரைப் பெயர் பெயராகப் பின்தொடர்ந்தாள்.

முதல் வகுப்பில் பரீட்சை எழுதியவர்கள் நூற்றுப்பத்து, தேறியவர்கள் எழுபத்தேழு. எழுபது சதவீதம், சரி. தேறியவர்களில் இரண்டாம் வகுப்புக்கு வந்தவர்கள் அறுபத்தாறு பேர்தான். அதில் அறுபது பேர் எழுதி நாற்பத்திரண்டு பேர் தேறினார்கள். அதுவும் எழுபது. முதலாண்டுக்கு வந்தவர்கள் நாற்பது, எழுதியவர்கள் முப்பத்தேழு, தேறியவர்கள் இருபத்தாறு. அதுவும் எழுபது. படிக்குப் படி எழுபது. நூற்றிருபதில் இருபத்தாறு.

திரும்ப எண்ணினாள். பெயர்களுக்கு எதிரே பென்சிலால் புள்ளி வைத்து மூன்றாம் முறையும் எண்ணினாள். சின்னவள் செய்த அதே தப்பைத்தான் அவள் பத்தொன்பது வருடமாகச் செய்திருந்தாள், ஒவ்வொரு படியிலும் புதிதாக. ஒரு பருவம் முடிந்தால் ஓர் அறிக்கை, அடுத்த பருவத்துக்கு வேறு அறிக்கை. மூன்று எழுபதையும் பெருக்கிப் பார்க்கவேண்டும் என்று தங்கப் பதக்கக்காரிக்கு ஒருநாளும் தோன்றவில்லை. வந்தவர்களை மட்டும் பார்த்தாள். வராதவர்களின் நாற்காலியை அடுத்த ஆள் நிரப்பிவிடுவான், அறை எப்போதும் நிறைந்தே இருந்தது. பதிவேடுகளை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். யாரும் கேட்கப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை சின்னவள் திரையில் எழுபத்தைந்தைக் காட்டியதும் பெரியவள் கையைத் தூக்கினாள்.

"அந்த எழுபத்தஞ்சு தப்பு. பரீட்சைக்கு வராத பதினாறு பேரச் சேர்க்கல. அறுபத்தஞ்சுதான் வரும்."

சின்னவள் திரையைப் பார்த்தாள், உதடு அசையக் கணக்குப் போட்டாள். முகம் வெளுத்தது. அந்த ஒரு நிமிடத்தைப் பெரியவள் சொட்டுச் சொட்டாகக் குடித்தாள்.

"ஆமா மேடம். என் தப்புதான். அறுபத்தஞ்சு" என்று சொல்லிவிட்டு சின்னவள் எண்ணை அங்கேயே மாற்றினாள்.

துறையின் மூத்த பேராசிரியரைப் பிள்ளைகள் செவ்வகம் என்பார்கள். தோளும் இடுப்பும் ஒரே அகலம். அவர் இதற்காகவே காத்திருந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப பழைய முறையில எழுபது, புதுசுல அறுபத்தஞ்சு. அஞ்சு கொறையறதுக்கா மேசைய எல்லாம் நகத்தினோம்?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். முதல்வர் சின்னவளைப் பார்த்து, பழைய முறையில் சேர்ந்தவர்களைக் கடைசிவரை பின்தொடர்ந்த கணக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

சின்னவளின் முன்னால் ஒரு கோப்பு திறந்திருந்தது. அவள் பக்கத்தைப் புரட்டினாள், ஓரிடத்தில் நின்றாள், தலையை நிமிர்த்திப் பெரியவளைப் பார்த்தாள். பிறகு கோப்பை மெதுவாக மூடினாள்.

"இன்னும் முழுசா சரிபார்க்கல சார்" என்றாள்.

பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சின்னவளிடம் அந்த இருபத்தாறு இருக்கிறது. அறிக்கையில் சேர்க்காமல் வைத்திருக்கிறாள். இத்தனை பேர் முன்னால் அக்காவுக்குத் தலைகுனிவு வேண்டாம் என்று, தன்னுடைய ஒரு வருட வேலை கண் முன்னால் கைவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறாள்.

பெரியவள் சின்னவளின் வேலையைப் பொறுத்திருந்தாள், கைதட்டைப் பொறுத்திருந்தாள், வாசல்வரை வரும் முதல்வரையும் பொறுத்திருந்தாள். இதைப் பொறுக்க முடியவில்லை. பெரிய மனதும் அவளுக்கே போய்ச்சேர வேண்டுமா? இன்று வாய்மூடி உட்கார்ந்தால் தயாரிப்பு வகுப்புகள் பிழைக்கும். அவை சின்னவள் போட்ட பிச்சையில் பிழைத்தவை என்பது ஒவ்வொரு காலையும் அவளுக்கு மட்டும் தெரியும். அதைவிட அவை செத்துப்போகட்டும்.

எழுந்து பலகைக்குப் போனாள். நூற்றிருபது என்று எழுதினாள். எழுபத்தேழு, அறுபத்தாறு, நாற்பத்திரண்டு, நாற்பது என்று ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி, இருபத்தாறில் நிறுத்தினாள். எதிரே, சின்னவளின் எழுபத்தெட்டை எழுதினாள்.

"நேத்து நான் எண்ணினேன். ரெண்டுமே நூத்திருபதுல இருந்து ஆரம்பிச்சது. என்னோடது இது."

வாக்கெடுப்பு நடந்தது. ஒன்பதுக்கு மூன்று என்று தயாரிப்பு வகுப்புகள் அடுத்த வருடத்தோடு போயின. அந்த ஒன்பதில் பெரியவளின் கையும் இருந்தது. அது தன் கைதானா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

வெளியே நடைவழியில் சின்னவள் அவளை எட்டிப் பிடித்தாள்.

"அந்த எண் என்கிட்ட இருந்துச்சு அக்கா. வேணும்னேதான் சொல்லல."

"தெரியும். அதனாலதான் நான் சொன்னேன்."

சின்னவளுக்கு அது புரியவில்லை. அவள் முகத்தில் நன்றி மாதிரி ஏதோ ஒன்று கூடி வந்தது. அதைப் பார்க்கப் பெரியவளுக்கு எரிச்சலாக இருந்தது. அதை அங்கேயே நிறுத்த ஒரே வழிதான் தெரிந்தது.

"எழுபத்தஞ்சு தப்புன்னு எனக்குப் புதன்கிழமையே தெரியும்" என்றாள்.

சின்னவள் நின்றாள். நன்றி நின்ற இடத்தில் வேறொன்று மெல்ல ஏறியது. இத்தனை வருடத்தில் பெரியவள் அதை அந்த முகத்தில் பார்த்ததே இல்லை.

"பார்த்துட்டேன்னு எழுதினீங்க. நான் உங்கள நம்பித்தான் அதத் திரையில போட்டேன். எல்லார் முன்னாடியும் நான் அசிங்கப்படணும்னு ரெண்டு நாள் காத்திருந்திருக்கீங்க."

"ஆமா."

"உங்ககிட்ட இனிமே எதையும் காட்டமாட்டேன்."

சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். குரல் உயரவில்லை, கண் கலங்கவில்லை, முதுகு நேராக இருந்தது. கீழே காத்திருந்த முதல்வர் இரண்டடி விலகி வழிவிட்டார். பெரியவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலேயே நின்றாள். கோபம்கூடச் சின்னவளுக்கு எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்று தோன்றியது.